எல்லைக்கல்லில் உடைத்த தேங்காய்

1

இன்றைக்கு நாங்கள் சுவிசுக்கு, இந்த லாங்கன்தாலுக்கு வந்து மூன்று வருடம் முடிகிறது. என் மனைவி பவானி காலையில் பச்சரிசியில் பால்புக்கை பொங்கி வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால், "இன்னும் திருப்பி அனுப்பாமல் வைச்சிருக்கினமே, அதுக்கு" என்று சொல்லுவாள். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலால் தபால்காரரைப் பார்த்தபடி நின்றேன். அவர் தன் மஞ்சள் வண்டியை நிறுத்தி எங்கள் பெட்டிக்குள் எதையோ போட்டார். இரண்டு மாடியும் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். தளபாடக் கடையின் விளம்பரம். மேலே வந்து மிச்சப் புக்கையைச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: உங்கள் அலுவல் எந்த மட்டில் இருக்கிறது? இருந்த மட்டிலேயே இருக்கிறது. அகதி விண்ணப்பம் போட்டு, பேர்ண் நகரத்தில் இரண்டு தரம் விசாரணை முடிந்துவிட்டது. முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அதுவரை எங்களுக்கு இருப்பது மடித்த ஒரு கடதாசி அட்டைதான். தவணை முடிய முடிய அதைக் கந்தோருக்குக் கொண்டுபோய் முத்திரை குத்தி வாங்கிவர வேண்டும். கந்தோரில் இருக்கும் பெண் நல்லவர், எங்கள் மகள் வாசுகிக்கு ஒருமுறை சொக்கலேட் கூடக் கொடுத்தார். ஆனாலும் அவர் முத்திரையைக் கையில் எடுக்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

நான் இங்கே ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவுகிறேன். என்னோடு நிற்பவர் குலம் அண்ணை. எங்களுக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர். அவருக்குத் தெரியாத சுவிஸ் சட்டம் இல்லை, எல்லாம் காதால் கேட்ட சட்டம். சிவப்பு வெளிச்சத்தில் தெருவைக் கடந்தால் கேஸ் பழுதாம். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்து வெளியே காயப்போட்டால் வீட்டுக்காரன் பொலிசுக்கு எழுதிக் கொடுப்பானாம், அதாலும் கேஸ் பழுதாம். அனுமதி இல்லாமல் கன்டோன் எல்லையைத் தாண்டினால் பேசவே வேண்டாம். கன்டோன் என்பதை எங்கள் மாகாணம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருப்பது பேர்ண் கன்டோன். ஊரோ அதன் விளிம்பில் இருக்கிறது. சைக்கிளை நல்லாக மிதித்தால் கால் மணித்தியாலத்தில் லூசேர்ன் கன்டோனுக்குள் போய் விழுந்துவிடலாம்.

"தம்பி, வாயைக் கட்டு. எங்கை எங்கடை பேர் எழுதப்படுதோ, அங்கை தான் கேஸ் பழுதாகும்" என்பார் அவர்.

அதில் பாதி புளுகு என்று எனக்குத் தெரியும். எந்தப் பாதி என்றுதான் தெரியாது. ஆகவே முழுவதையும் நம்பி நடந்தேன். இங்கே வந்தபோது வாசுகிக்கு நாலு வயது. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஜெர்மன் வசனம் 'இஹ் வைஸ் நிஹ்ட்'. 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். ஆர் என்ன கேட்டாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். மற்றப் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லத்தான் முதலில் பழக்குவார்கள்.

2

சித்திரை கழிந்து மரங்கள் புது இலை விட்டிருந்த நேரம் வாசுகி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். இப்போது அவள் முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடத் தாளும் எனக்குக் கந்தோர்க் கடிதம் மாதிரித்தான். அகராதியைத் திறந்துவைத்து ஒரு வரியில் மூன்று சொல் கண்டுபிடித்து முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"காட்டுக்குப் போய் அஞ்சு மரத்தின்ரை இலை பொறுக்கோணும் அப்பா. பிறகு காட்டுக்குப் பக்கத்திலை இருக்கிற பழைய சாமான் மூண்டைப் படம் கீறிக்கொண்டு வரோணும். பெரியாக்களோடைதான் போகோணும் எண்டு ரீச்சர் சொன்னவ."

புதன்கிழமை எங்கள் உணவகம் பூட்டு, பள்ளிக்கூடமும் மத்தியானத்தோடு விட்டுவிடும். மூன்று பேரும் நடந்து போனோம். ஊரை விட்டு வெளியே வந்ததும் புல்வெளிகள். அவற்றின் நடுவே வாய்க்கால்கள் ஓடுகின்றன, இடைக்கிடை பலகைக் கதவு வைத்து மறித்திருக்கிறார்கள். பலகையைத் தூக்கினால் தண்ணீர் வயலுக்குள் பரவும். மடாலயத்துத் துறவிகள் பல நூற்றாண்டுகளுக்கு முந்தி வெட்டியது என்று அங்கே நின்ற அறிவிப்புப் பலகையை வாசுகி வாசித்துச் சொன்னாள். அந்த மடாலயம் எல்லைக்கு அப்பால், லூசேர்ன் பக்கம் இருக்கிறது. அதன் இரட்டைக் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. எங்கள் தோட்டங்களில் வாய்க்கால் மறிக்க வாழைமட்டையும் சாக்கும் வைப்போம், இவர்கள் தச்சனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பவானி ஒரு பலகையைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தாள். "தொடாதையும்!" என்று கத்தினேன். பாவம், கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு காடு.

எனக்குக் காடு என்றால் விருப்பமில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஊரை விட்டு வருவதற்கு மூன்று மாதம் முந்தி, ஆமி வருகிறது என்று சனம் ஓட, நாங்களும் ஓடி ஒரு இளம்பனை வடலிக்குள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை படுத்துக் கிடந்தோம். வாசுகி அழாமல் இருக்கப் பவானி அவள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். பொத்திய கையில் பிள்ளையின் பல் அடையாளம் கனநாள் இருந்தது. அதற்குப் பிறகு, மரங்கள் கூடி நிற்கிற இடத்தைக் கண்டால் எங்கே படுக்கலாம் என்றுதான் என் கண் தேடும்.

இந்தக் காட்டில் படுக்க இடமில்லை. பூஹ என்று இவர்கள் சொல்லும் பீச் மரம், சாம்பல் நிறத்தில், பட்டை வெடிப்பில்லாமல், நெடுநெடுவென்று போகிறது. கீழே பற்றை கிடையாது. போன வருடத்துச் சருகுதான் கணுக்கால் அளவுக்குக் கிடக்கிறது. ஐந்நூறு அடி தள்ளி நிற்கிற ஆளும் தெரியும். மேலே இளம் பச்சை இலைகளுக்குள்ளால் வெயில் வடிகிறது. அழகு என்று சொல்லத்தான் வேண்டும். அந்த அழகுக்குள்ளே நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன், ஆரும் வருகிறார்களோ என்று.

வாசுகி இலை பொறுக்கினாள். பூஹ, ஓக், இன்னும் வாயில் நுழையாத இரண்டு, கடைசியில் மேப்பிள். பழைய சாமானில் வாய்க்கால் கதவைக் கீறியாயிற்று. பாரவண்டில்கள் ஓடி ஓடிப் பள்ளமாகிப்போன ஒரு பாதை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண் நிற்கிறது, அதையும் கீறினாள். வயது போன ஓக் மரங்களைப் பன்றிக்காக விட்டுவைத்தார்களாம், அதன் காயைத் தின்றால் பன்றி கொழுக்குமாம், அதுவும் அவள் சொன்னதுதான். எனக்குத் தெரியாத காடு ஒன்றை என் பிள்ளை எனக்குக் காட்டிக்கொண்டு முன்னே போகிறாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கோ, எதற்கு இவள் இவ்வளவு வேகமாகப் போகிறாள் என்று இருந்தது.

மூன்றாவது பழைய சாமானைக் கண்டது பவானி. அகலமான ஒரு ஓக் மரத்தின் அடியில் இடுப்பளவு உயரக் கல். மேலே பாசி. முகப்பில் நாலு காலில் நடக்கிற ஒரு மிருகம் செதுக்கியிருந்தது, நாக்கு வெளியே நீட்டியபடி.

பவானி செருப்பைக் கழற்றினாள்.

"என்ன செய்யிறீர்?"

"வைரவர்" என்றாள். "இஞ்ச பாருங்கோ, நாய் வாகனம்."

"விசர்க் கதை கதையாதையும். உது எல்லைக்கல். அது கரடி, பேர்ண் கன்டோனின்ரை அடையாளம். அங்காலைப் பக்கம் பாரும், லூசேர்னின்ரை சின்னம் வெட்டியிருக்கு."

நான் ஊரில் பதினொரு வருடம் நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதி எழுதினவன். வடக்கெல்லை, தெற்கெல்லை எழுதியே விரல் காய்த்துப்போனவன். ஒரு முழம் வேலி தள்ளிப்போட்டதற்காகச் சகோதரர்கள் பத்து வருடம் வழக்காடியதைப் பார்த்தவன். எல்லைக்கல்லைப் பற்றி எனக்கே பாடமா?

பவானி அசையவில்லை. "எல்லையிலை தானே வைரவர் இருப்பார். வேறை எங்கை இருப்பார்?" என்றாள்.

அவள் கணக்கும் சரிதான். மரத்தின் கீழ் கல், காவலுக்கு மிருகம், இடமோ எல்லை. எங்கள் ஒழுங்கைகளில் சூலம் ஒன்று குத்தினால் கோவில் முடிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். வாசுகி கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளிக்கொண்டிருந்தாள்.

"இப்ப பேர்ண்! இப்ப லூசேர்ன்! இப்ப பேர்ண்!"

"இஞ்சாலை வா!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். குலம் அண்ணையின் சட்டம் மண்டைக்குள் மணியடித்தது.

3

அத்தோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. பத்து நாள் கழித்து, பிரெஞ்சு பேசும் பக்கத்து ரெனானிலிருந்து தொலைபேசி வந்தது. பவானியின் ஒன்றுவிட்ட தமையன். எங்களுக்கு இரண்டு மாதம் பிந்தி விண்ணப்பித்தவர், மூன்று பிள்ளைகள். அவர்களுக்குக் கடிதம் வந்துவிட்டது. மறுத்துவிட்டார்கள், மேன்முறையீடு செய்யலாமாம். பவானி தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். அன்று சோற்றுப்பானை அடியில் பிடித்தும் எழும்பவில்லை.

"அடுத்தது நாங்கள்தான்" என்றாள்.

நான் தைரியம் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் இருந்தால் அல்லவா சொல்லலாம்?

அவள் நேர்த்தி வைத்தாள். நல்ல முடிவு வந்தால் அந்தக் கல்லுக்கு வடைமாலை சாத்துவது, இப்போது கேட்டுக்கொள்வதற்கு ஒரு தேங்காய் அடிப்பது. தேய்பிறை அட்டமி புதன்கிழமையில் வந்தது. குலம் அண்ணை பேர்ணுக்குப் போனபோது தேங்காய் ஒன்று வாங்கிவந்து தந்தார். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை. கிழட்டுத் தேங்காய், குலுக்கினால் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் அசைந்தது.

நான் எதிர்த்தேனா என்று கேட்பீர்கள். வாயால் எதிர்த்தேன். ஆனால் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நடந்தது நான்தான். எனக்கும் பயம். பயந்தவனுக்குக் கரடியும் வைரவர்தான்.

பவானி கல்லைக் கழுவிச் சந்தனம் பூசி, கரடியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். கற்பூரம் கொளுத்தவும் பார்த்தாள், சருகு பற்றிவிடும் என்று நான் பறித்துவிட்டேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. வாசுகியைப் பேர்ண் பக்கமே நிற்கச் சொல்லிவிட்டு, தேங்காயை ஓங்கிக் கல்லின் மேல் மூலையில் அடித்தேன்.

தேங்காய் உடையவில்லை.

இரண்டாம் தரமும் உடையவில்லை. சகுனம் சரியில்லை என்று பவானியின் முகம் கறுத்தது. மூன்றாம் தரம் எனக்குத் தெரிந்த எல்லாப் பயத்தையும் சேர்த்து அடித்தேன். சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. தேங்காய் உருண்டுபோய்ச் சருகில் கிடந்தது, முழுசாக. கல்லின் மூலை கரடியின் ஒரு காதோடு பெயர்ந்து என் சப்பாத்தின் மேல் விழுந்தது.

இந்தப் பக்கத்துக் கல் மணற்கல். அதுவும் எத்தனையோ குளிர்காலத்து உறைபனி தின்று தின்று உள்ளே பொருக்காகிப் போனது. எங்கள் கருங்கல்லுக்குப் பழகிய கைக்கு அது தெரியவில்லை.

பவானி குனிந்து அந்தத் துண்டைப் பொறுக்கினாள். பிறகு வாசுகி கேட்டாள், "அப்பா, கரடிக்கு நோகுமோ?"

நான் கைலேஞ்சியை எடுத்துக் குங்குமத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது. சந்தனத்தோடு நல்லெண்ணெயும் குழைத்திருக்கிறாள், அது கல்லுக்குள்ளே ஊறிவிட்டது. உடைந்த துண்டை வைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு, பள்ளமான அந்தப் பழைய வண்டில் பாதையால் குனிந்து குனிந்து வந்தேன். மேலே நிற்கிறவர்களுக்குத் தலை தெரியக்கூடாது என்று.

4

ஊரில் எல்லைக்கல்லைச் சேதப்படுத்துவது குற்றம். எந்தச் சட்டப் பிரிவு என்பதையும் நொத்தாரிசு ஐயா வாயால் கேட்டிருக்கிறேன். இங்கே சும்மா விடுவார்களா? அதுவும் இரண்டு காணிக்காரருக்கு நடுவே நிற்கிற கல் அல்ல, இரண்டு கன்டோனுக்கு நடுவே நிற்கிற கல். உடைத்தவன் அகதி விண்ணப்பக்காரன். பேர்ண் கந்தோரில் என் கேஸ் பைலைத் திறந்து, அதற்குள் இந்தச் செய்தியை வைத்து மூடுவதை நான் குசினியில் நின்றபடியே பார்த்தேன். அந்தக் கிழமை ஏழு கோப்பை உடைத்தேன். முதலாளி ஏசவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வருத்தமா என்று கேட்டார்.

துண்டை வீட்டில் எங்கள் கடதாசிகள் வைக்கும் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு அங்கே வைப்பது பிழை என்று அரிசி வாளிக்குள் மாற்றினேன். பவானி சோறு வைக்க அரிசி அள்ளும்போது அது கையில் பட்டு அலறினாள்.

மூன்றாம் கிழமை, எனக்கு இரவு வேலை மட்டும் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வாசுகி பையைக் கழற்றாமலே சொன்னாள்:

"நாளைக்கு எங்கடை வகுப்பைக் காட்டு ஐயா காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறார். எல்லைக்கல்லை ஆரோ உடைச்சுப்போட்டினமாம். அதையும் காட்டுவாராம். அம்மா அப்பாவும் வரலாமாம்."

காட்டு ஐயா என்று அவள் சொன்னது அந்தப் பக்கத்துக் காட்டதிகாரியை.

"நீ ஒண்டும் சொல்லக்கூடாது" என்றேன்.

"ரீச்சர் கேட்டா?"

"கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு."

"எனக்குத் தெரியுமே!" அவள் உண்மையாகவே குழம்பிப்போய்ப் பார்த்தாள். "தெரிஞ்சதைத் தெரியாது எண்டு சொன்னாப் பொய் எண்டு ரீச்சர் சொன்னவ. நாங்கள் வேணுமெண்டு உடைக்கேல்லைத் தானே? மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னாச் சரி. நான் சொல்லுவன்."

நான் அடித்தேன். கன்னத்தில்.

அதற்கு முன் நான் அவளை அடித்ததில்லை. ஊரில் எத்தனை தகப்பன்மார் அடிக்கிறார்கள், எனக்கும் விழுந்திருக்கிறது, அது வேறு. இது பிள்ளை பிழை விட்டதற்காக விழுந்த அடி அல்ல. தான் சரியாகச் சொன்னதற்காக வாங்கிய அடி. அவள் அழவில்லை. புத்தகப்பை முதுகில் தொங்கியபடி மேசையில் இருந்து சோற்றைச் சாப்பிட்டாள், எழும்பிப் பள்ளிக்கூடம் போனாள். ஜன்னலால் பார்த்தேன். தெரு முனையில் வெளிச்சம் சிவப்பாக இருந்தது, பச்சை வரும் வரைக்கும் ஒழுங்காக நின்றாள்.

பவானி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. "அண்டைக்கு வடலிக்குள்ளை நான் வாயைப் பொத்தினது ஆமிக்குப் பயந்து" என்றாள். "இண்டைக்கு ஆருக்குப் பயந்து அடிச்சனீங்கள்?"

5

பவானி வரவில்லை, நான் மட்டும் போனேன். வாசுகி வாய் திறந்தால் மறிக்கலாம் என்பது ஒரு காரணம். மற்றது, ஆரும் பார்க்காத நேரத்தில் அந்தத் துண்டைக் கல்லடியில் போட்டுவிட்டு வரலாம். உறைபனியில் தானாக விழுந்தது என்று நினைப்பார்கள். மேற்சட்டைப் பைக்குள் துண்டு, அதன் மேல் என் கை.

பதினெட்டுப் பிள்ளைகள், ரீச்சர், வேறு இரண்டு தாய்மார். ஒரே ஒரு தகப்பன் நான். காட்டதிகாரி ஐம்பது வயது மனிதர், பச்சைச் சட்டை, கையில் தடி. பிள்ளைகளுக்கு நடுவில் நடந்தபடி அவர்களின் பேச்சுமொழியிலேயே கதைத்தார். அது ஜெர்மன் வகுப்பில் எனக்குச் சொல்லித்தரும் மொழி அல்ல. பத்தில் மூன்று விளங்கும். பூஹ இலையின் ஓரத்து மெல்லிய மயிரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இளம் இலையைத் தின்னலாம் என்று ஒன்றை வாயில் போட்டார். பிள்ளைகளும் போட்டார்கள், வாசுகியும். என்னிடமும் ஒன்று நீட்டினார். புளித்தது. இவ்வளவு நல்ல மனிதருக்கு முன்னால் களவு வைத்துக்கொண்டு நடப்பது, முறைக்கிற பொலிஸ்காரனுக்கு முன்னால் நடப்பதிலும் கஷ்டம்.

வாசுகி காலையிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. முன்னுக்குச் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

கல்லடிக்கு வந்தோம். என் எண்ணெய்க் கறை, இளஞ்சிவப்பாக, கரடியின் மூளியான தலையைச் சுற்றி. காட்டதிகாரி முதலில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழைய காலக் கதை ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் பெரியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கல்லையும் சுற்றிப் பார்க்கப் போவார்களாம், சிறுபிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பிறகு தன் கன்னத்தில் தானே 'பளார்' என்று தட்டினார். மிச்சம் எனக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு கல்லடியிலும் ஒரு பிள்ளைக்குக் கன்னத்தில் அறைவார்களாம். அப்போதுதான் அந்தப் பிள்ளை கிழவனாகும் வரைக்கும் கல் எந்த இடத்தில் நின்றது என்பதை மறக்காதாம்.

பிள்ளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கன்னத்தில் ஒருவர் தட்டி விளையாடினார்கள். வாசுகி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காட்டதிகாரி உடைந்த மூலையைத் தடியால் காட்டி, இது எப்படி நடந்திருக்கும் என்று கேட்டார். மான் முட்டியது என்றது ஒரு பிள்ளை. மின்னல் என்றது இன்னொன்று. அப்போது வாசுகியின் சிநேகிதி, மஞ்சள் தலைமயிர்ப் பிள்ளை, கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: வாசுகியின் அம்மாவின் நெற்றியில் இந்தச் சிவப்புத்தான் இருக்கும்.

பகிடிக்கோ வஞ்சகத்துக்கோ சொல்லவில்லை, கண்டதைச் சொன்னது பிள்ளை. எல்லாரும் வாசுகியைத் திரும்பிப் பார்த்தார்கள். ரீச்சர் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டார்.

வாசுகி நிமிர்ந்து நின்று, லாங்கன்தால் பிள்ளைகளின் உச்சரிப்பிலேயே, தடங்கல் இல்லாமல் சொன்னாள். தனக்குத் தெரியாதாம்.

எவ்வளவு வடிவாகச் சொன்னாள். நான் பழக்கினதிலும் பார்க்க நன்றாக. ஒரு கேள்வியும் மிஞ்சாத குரலில், முகத்தில் ஒன்றும் இல்லாமல். விசாரணை அறையில் இரண்டு தரமும் நான் வைத்திருந்த முகம் அது. ஏழு வயதுப் பிள்ளையில் அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, பயத்தை விட வெட்கம் பெரிதாக இருந்தது. அப்படி ஒன்று என் சீவியத்தில் அதுதான் முதல் தரம்.

இரண்டு அடி வைத்தேன். எந்தக் கன்டோனுக்குள் வைத்தேன் என்று பார்க்கவில்லை. பைக்குள்ளிருந்து துண்டை எடுத்துக் காட்டதிகாரியிடம் நீட்டினேன். ஜெர்மன் முழுவதும் எங்கேயோ போய்விட்டது. "நான்" என்றேன் ஜெர்மனில். கல்லைக் காட்டினேன். மறுபடியும் "நான்" என்றேன்.

அவர் துண்டை வாங்கிக் கல்லில் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. ஏன், எதற்கு என்று கேட்டார். வாசுகி வந்து பக்கத்தில் நின்றாள். அவள்தான் எல்லாம் சொன்னாள், தேங்காயை இரண்டு கையாலும் காட்டி. கல்லுக்குள் கடவுள் இருப்பதாக அம்மா சொல்கிறா, அப்பா இல்லை என்கிறார், ஆனால் அப்பாதான் அடித்தார். நடுவில் 'நாய்' என்ற சொல் வந்திருக்க வேண்டும், "கரடி! கரடி!" என்று பதினேழு பிள்ளைகளும் கத்தினார்கள். காட்டதிகாரி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கடைசிவரை கேட்டார். பிறகு ரீச்சர் எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: மேசனைக் கொண்டு ஒட்டலாமாம். ஆனால் இது இரண்டு கன்டோனுக்கும் சொந்தமான கல். நடந்ததை இரண்டு பக்கத்துக்கும் எழுதி அறிவிக்க வேண்டுமாம், அது ஒழுங்காம். அதனால் என்ன வரும் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்று காட்டதிகாரி தலையசைத்தார். ஒன்றும் வராது என்று சமாதானம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அவர் மேற்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டார். பெயர் கேட்டார்.

குலம் அண்ணை சொன்னது உண்மையோ பொய்யோ, இந்த நிமிடத்துக்குத்தான் நான் மூன்று வருடமாகப் பயந்து வந்தேன். என் பெயரைச் சொன்னேன். சண்முகநாதன். அவருக்கு அது பிடிபடவில்லை. வாசுகி அவர் கைக்குக் கீழே எட்டிப் பார்த்தபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், பிழையாக எழுதிய இடத்தில் நிறுத்தித் திருத்தினாள். அவர் எழுதி முடித்துப் புத்தகத்தை மூடப் போனார்.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவர் மறுபடி திறந்தார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?"

"என்ரை பேரையும் எழுதச் சொன்னனான்."

"உன்ரை பேர் வேண்டாம். நீ உடைக்கேல்லை."

"நானும் தானே அப்பா அங்கை நிண்டனான்."

அவள் கன்னத்தைப் பார்த்தேன். அடித்த இடத்தில் ஒரு அடையாளமும் இல்லை. காட்டதிகாரி பென்சிலோடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று. நான் மறிக்கவில்லை. வாசுகி தன் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னாள்.